பேனுக்கு ஊர் கேட்டவர்கள்

1

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் புதன்கிழமை. நடைக்கூடத்தில் ஜன்னலோரமாக நான்கு நாற்காலிகள். ஒன்றில் நான். மடியில் வெள்ளைத் துண்டு, கையில் பல் நெருங்கிய எஃகுச் சீப்பு. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தலையைக் குனிகிறார்கள்.

நெதர்லாந்தின் கிழக்கே, ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்திலுள்ள சிறு நகரம் எங்களுடையது. இங்கே ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் பள்ளியில் பேன் பார்ப்பார்கள். பார்க்கிறவர்கள் பிள்ளைகளின் தாய்மார். சம்பளம் கிடையாது. அவர்களுக்கு இந்த ஊர் மொழியில் ‘பேன் அம்மா’ என்றே பெயர். பிள்ளைகளின் கோட்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க ஆளுக்கொரு பை மாட்டியிருக்கிறது. அதற்குப் பெயர் ‘பேன் பை’. பேன் கிடைத்தால் வீட்டுக்கு ஒரு வரிச் செய்தி போகும். பிள்ளை மறுபடி வகுப்புக்குப் போய்க் கணக்குப் போடும். அவ்வளவுதான்.

சென்னையில் ஒரு நாளிதழில் ஒன்பது ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்த நான் இங்கே பேன் அம்மா ஆனதற்குக் காரணம் சேவை மனப்பான்மை அல்ல, கோபம். என் மகள் மித்ரா முதல் வகுப்பில் இருந்தபோது அவள் தலையில் பேன் வந்தது. அப்போது எனக்கு இந்த மொழி அரைகுறை. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் ‘என் மகளுக்குப் பேன்’ என்று சொல்வதற்குப் பதிலாக ‘என் மகள் ஒரு பேன்’ என்று சொல்லிவிட்டேன். எதிர்முனைப் பெண் சிரிக்கவில்லை. இதற்கெல்லாம் டாக்டர் பார்க்க மாட்டார், வாருங்கள், மறுபடி வாருங்கள், தொடர்ந்து வாருங்கள் என்றார். சீப்பைச் சொல்கிறார் என்று புரியச் சற்று நேரமானது. அது எனக்குக் கோபமூட்டவில்லை. மறுநாள் பள்ளி வாசலில் ஒரு தாய், மிகுந்த அன்போடு கேட்ட கேள்விதான் மூட்டியது.

“விடுமுறைக்கு இந்தியா போயிருந்தீர்களா?”

அந்த ஆண்டு நாங்கள் ஊரைவிட்டு நகரவே இல்லை. சொன்னேன். “ஓ” என்றார். அந்த ‘ஓ’வில் அவர் நம்பவில்லை என்பது இருந்தது. அன்றே என் பெயரைக் கொடுத்தேன். அதன் பிறகு நான் எடுத்த பேன்களில் பெரும்பாலானவை, இந்தியா எந்தப் பக்கம் என்று கேட்டால் விழிக்கிற வீட்டுப் பிள்ளைகளின் பொன்னிறத் தலைகளில் இருந்தவை. நான் யாரிடமும் ஊர் கேட்கவில்லை.

இதை எழுத உட்கார்ந்தது அந்தப் பழைய ‘ஓ’வுக்காக அல்ல. அதையே இந்த ஆண்டு என் சொந்த மண்ணில், என் சொந்த மொழியில் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

2

ஜூலையில் ஊருக்குப் போனோம். என் தம்பி பிரபுவுக்கு சென்னீர்குப்பத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்காவது மாடி. பால்கனியில் நின்றால் பெங்களூர் நெடுஞ்சாலை. பிரபு ஐ.டி. வேலை பார்க்கிறான். குடியிருப்பில் பாதிப் பேர் அதே வேலை. கோவை, மதுரை, திருநெல்வேலி என்று எல்லா ஊர்க்காரர்களும் உண்டு. நானும் பிரபுவும் மட்டும் இந்தப் பக்கத்திலேயே, குமணன்சாவடியில் வளர்ந்தவர்கள்.

பிரபு வீட்டில் வேலை செய்பவர் ஸ்டெல்லா. அந்தக் குடியிருப்பில் அவருக்கு நான்கு வீடுகள். மாலையில் பள்ளி விட்டதும் அவருடைய மகள் ஜெனிஃபர் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவாள். வயது ஒன்பது. மித்ராவுக்கு எட்டு. வந்த இரண்டாம் நாளே இரண்டு பேரும் சோபாவில் தலையோடு தலை ஒட்டி, ஒரே செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மித்ராவின் தமிழுக்கு ஜெனிஃபர் சிரிப்பாள். “தண்ணி குடிக்கிறேன்னு சொல்லு. தண்ணி எடுக்கிறேன்னு சொல்ற, எங்க எடுத்துக்கினு போற?” வீட்டில் நான் சொல்லிக்கொடுத்ததைவிட அந்தப் பெண் ஒரு வாரத்தில் அதிகம் சொல்லிக்கொடுத்தாள்.

ஜெனிஃபருக்கு ஆகஸ்ட் பதினைந்தில், மாதா திருநாளன்று, புதுநன்மை. கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்தாயிற்று. வெள்ளைப் பூ வைத்த கிரீடம் வாங்கியாயிற்று. அவளுக்கு இடுப்பைத் தொடும் முடி. கிரீடத்துக்குக் கீழே அதை எப்படிப் பின்னுவது என்பதே அந்த ஒரு மாதம் அவளுக்குப் பேச்சு. இரட்டைப் பின்னலா, ஒற்றைப் பின்னலா, விரித்து விடுவதா.

ஒரு மாலை மித்ரா தலையைச் சொறிந்தாள். பிரித்துப் பார்த்தேன். கேள்விக்கே இடமில்லை. கிளம்புவதற்கு முந்திய வாரம் அவள் வகுப்பில் பேன் என்று பள்ளியிலிருந்து செய்தி வந்திருந்தது. அன்று வாரி எடுத்தேன். அதற்குள் பெட்டி கட்டும் வேலை, மறுபடி வாரவில்லை. ஈர் பொரிக்க ஒரு வாரம் போதும். பொரித்தது நெடுஞ்சாலையைப் பார்த்த நான்காவது மாடியில்.

நெதர்லாந்துப் பள்ளியில் பழகியபடி மித்ராவிடம் உள்ளதைச் சொன்னேன். அவளும் பழகியபடி நடந்துகொண்டாள். கீழே விளையாட்டுத் திடலுக்கு ஓடிப்போய், அங்கிருந்த அத்தனை பிள்ளைகளிடமும் சத்தமாக அறிவித்தாள்.

“என் தலையில பேன் இருக்கு! நீங்களும் பாருங்க, உங்களுக்கும் இருக்கும்!”

அங்கே அது நல்ல பிள்ளை செய்கிற காரியம். இங்கே திடல் இரண்டே நிமிடத்தில் காலியானது.

3

ஸ்டெல்லாவிடம் நானே சொன்னேன். அவர் பாத்திரத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

“இன்னாக்கா நீ! எல்லாரும் ஃபாரின்லேர்ந்து சாக்லேட் எடுத்துகினு வருவாங்கோ. நீ பேன் எடுத்துகினு வந்துகிறே!”

“ஜெனிஃபர் தலையையும் பார்க்கணும் ஸ்டெல்லா. ரெண்டும் ஒட்டிக்கிட்டே இருந்ததுங்க.”

“ஞாயித்துக்கெளம வாரிவுட்டேன், சுத்தமா இருந்துச்சு. இரு பாக்குறேன்.” பார்த்தார். “ஏறிக்கிச்சுக்கா. மூணு நாலு கீது.”

அந்தக் குடியிருப்பில் நான் சொன்னதை நம்பிய ஒரே பெரியவர் அவர்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் காலை லிஃப்டில் ஓர் அறிவிப்பு. வாட்ஸாப் குழுவிலும் அதுவே.

“நமது வளாகத்தில் வீட்டு வேலைக்கு வருபவர்களின் பிள்ளைகள் மூலம் பேன் பரவி வருவதாகத் தெரிய வந்துள்ளது. எனவே மறு அறிவிப்பு வரும் வரை அவர்கள் விளையாட்டுத் திடலிலும் லிஃப்டிலும் அனுமதிக்கப்பட மாட்டார்கள்.”

தொழில் புத்தி போகாது. லிஃப்ட் நான்காவது மாடியிலிருந்து கீழே போவதற்குள் அந்த வாக்கியத்தைப் பிரித்துப் போட்டேன். தெரிய வந்துள்ளது என்றால் யாருக்கு? எப்படி? எந்தத் தலையை யார் பார்த்தார்? ‘பிள்ளைகள்’ என்று பன்மை எதற்கு? அந்த வளாகத்துக்கு வேலை செய்பவரோடு வரும் பிள்ளை ஒருத்திதான். பெயரைப் போடாமல் பெயரைச் சொல்லும் வித்தை இது. ஒரு பயிற்சி நிருபர் இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அறிவிப்பை எழுதியவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கல்பனா. ஸ்டெல்லா வேலை செய்யும் நான்கு வீடுகளில் அவர் வீடும் ஒன்று. அன்று காலை அவர் ஸ்டெல்லாவிடம் தனியாகவும் சொல்லியிருக்கிறார். பெண்ணுக்கு மொட்டை அடித்துவிடு. அடித்துக் கூட்டிவந்து காட்டு. அதுவரை வேலைக்கு வர வேண்டாம். மற்ற வீடுகளிலும் சொல்லியாயிற்று.

பிரபுவிடம், குழுவில் உண்மையை எழுது என்றேன். அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து பேசினான்.

“அக்கா, ஹாலந்துலேர்ந்து பேன்னு சொன்னா யாரு நம்புவா? எனக்கே நம்ப முடியல.”

“நான்தானேடா எடுத்தேன், என் கையால.”

“சரி, அப்படியே இருக்கட்டும். நீ அடுத்த மாசக் கடைசியில ஃப்ளைட் ஏறிடுவ. நான் இங்க இருக்கணும். பேன் வீடுன்னு பேராயிடும்.”

“ஸ்டெல்லாவும் இங்கதான் இருக்கணும்.”

குழுவில் நானே எழுதினேன், அவன் செல்போனிலிருந்து. கீழே முதலில் விழுந்தது ஒரு சிரிப்புப் பொம்மை. அடுத்து இன்னொன்று. பிறகு வணங்கும் கைகள்.

4

நான் பிடிவாதம் பிடித்ததால் சனிக்கிழமை மாலை பொதுக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். இருபது பேர் இருக்கலாம். பேன் என்ற சொல்லை எடுத்ததுமே ஒவ்வொரு கையாகத் தலைக்குப் போனது. கூட்டம் முழுக்கச் சொறிந்துகொண்டே, சொறிவது யாரால் என்று விவாதித்தது.

நான் சுருக்கமாகச் சொன்னேன். என் மகளுக்கு அங்கேயே பேன் இருந்தது. அவளிடமிருந்து ஜெனிஃபருக்குத் தொற்றியது. பேன் பறக்காது, தாவாது. தலையும் தலையும் ஒட்டினால் ஊர்ந்து போகும். லிஃப்டில் ஏறினால் பரவாது. அறிவிப்பு தவறு, எடுத்துவிடுங்கள்.

கல்பனா கோயம்புத்தூர்க்காரர். குரலை உயர்த்தவே மாட்டார்.

“உங்க நல்ல மனசு புரியுதுங்க. அந்தப் பொண்ணு வேலைக்குப் பிரச்சனை வரக்கூடாதுன்னு பழியை நீங்க ஏத்துக்கறீங்க. எல்லாருக்கும் இந்த மனசு வராதுங்க.”

“பழி ஏத்துக்கலைங்க. நடந்ததைச் சொல்றேன்.”

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். “மேடம், லாஜிக்கா யோசிங்க. அது குளிர் நாடு. அங்க பேன் எப்படி உயிரோட இருக்கும்?”

“தலைக்கு எல்லா நாட்டுலயும் ஒரே சூடுதான் சார்.”

“அங்கெல்லாம் ஹைஜீன் வேற லெவல் மேடம்.”

“அங்க பள்ளிக்கூடத்துல பேன் பார்க்கவே தாய்மார் குழு இருக்கு. நானே அதுல இருக்கேன்.”

கூடம் சிரித்தது. எனக்கு விருதாவது கொடுத்திருக்கலாம். அவ்வளவு பிரியமாகச் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னதற்காக என்னைப் பெருந்தன்மையானவள் என்று முடிவுகட்டி, அந்தப் பெருந்தன்மையைப் பாராட்டிவிட்டு, அறிவிப்பை அப்படியே வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். நான் பொய் சொன்னதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

திரும்பும்போது என் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. பூந்தமல்லியில் ஐந்தாம் வகுப்பு. ஆசிரியை பென்சில் முனையால் தலைமுடியை விலக்கிப் பேன் பார்ப்பார். எல்லாத் தலைகளையும் அல்ல. எந்தப் பெண்களைக் கூப்பிட வேண்டும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். கிடைத்தவர்கள் கடைசி பெஞ்சுக்குப் போவார்கள். என் தலையிலும் இருந்தது. என் அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கணக்கர், சலவைச் சட்டையில் பள்ளிக்கு வருகிறவர். அந்தப் பென்சில் என்னைத் தொட்டதே இல்லை.

5

மொட்டைக்கு ஸ்டெல்லா ஒத்துக்கொள்ளவில்லை. “அடிச்சா இன்னா அர்த்தம்? நாங்கதான் கொண்டாந்தோம்னு ஒத்துக்குனா மாரி ஆயிடும். புதுநன்மைக்கு எம்பொண்ணு மொட்ட மண்டையோட நிக்கணுமா?”

சுத்தம் செய்துவிடலாம், செய்து காட்டலாம் என்றேன். பள்ளி முடிந்ததும் ஜெனிஃபரைப் படிக்கட்டு வழியாக நான்கு மாடி ஏற்றிக் கூட்டிவந்தோம். லிஃப்ட் அவளுக்கு இல்லை.

வீட்டில் பேன் ஒழிப்பது பெரிய வித்தை அல்ல, பொறுமை. மண்ணெண்ணெய் வேண்டாம். சீத்தாப்பழ விதைப் பொடியும் வேண்டாம். கண்ணில் பட்டால் கண்ணுக்கு ஆபத்து. முடியை நனைத்து, கை தாராளமாகத் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். வழுக்கலில் பேனுக்கு ஓட வராது. பால்கனி வெளிச்சத்தில் உட்காரவைத்து, முடியைச் சிறு பாகங்களாகப் பிரித்து, மண்டையோடு ஒட்டினாற்போல் சீப்பை வைத்து நுனிவரை ஒரே இழுப்பு. ஒவ்வோர் இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைக்க வேண்டும். காதுக்குப் பின்னும் பிடரியிலும் கூடுதல் கவனம். ஈரைச் சீப்பு விட்டால் நகம் விடக்கூடாது. சீப்பைக் கொதிநீரில் போடு, தலையணை உறையை வெயிலில் போடு. ஒருநாள் விட்டு ஒருநாள், ஈர் எல்லாம் பொரித்துத் தீரும்வரை இதையே செய். ஒருநாள் பார்த்துவிட்டுப் போயிற்று என்று நினைத்தால், நான் பெட்டி கட்டிய வாரம் மாதிரி ஆகும்.

இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தோம். மித்ராவின் தலை ஸ்டெல்லா கையில், ஜெனிஃபரின் தலை என் கையில். துணியில் விழுந்தவற்றை இரண்டும் போட்டிபோட்டுப் பார்த்தன.

“இது உன் ஊரு பேன். வெள்ளையா கீது பாரு” என்றாள் ஜெனிஃபர்.

“இல்ல, அது உன்னோட ரத்தம் குடிச்சிருக்கு. இப்ப அது இந்தியன்” என்றாள் மித்ரா.

அந்த நாட்களில் நான் இன்னொரு காரியமும் செய்தேன். நாளிதழில் தவறு நேர்ந்தால் திருத்தம் போடுவோம். தவறு வந்த அதே பக்கத்தில், பெயர்களோடு. அப்படியே ஒன்றை எழுதி, லிஃப்டில் அறிவிப்புக்குக் கீழே ஒட்டினேன்.

“திருத்தம்: வீட்டு வேலை செய்பவர்களின் பிள்ளைகளால் பேன் பரவியதாக மேலே உள்ள அறிவிப்பு கூறுவது தவறு. இந்தப் பேன் நெதர்லாந்திலிருந்து விமானத்தில் வந்தது. கொண்டுவந்தவர் நான்காவது மாடி விருந்தாளி மித்ரா (8). அவரிடமிருந்தே மற்றவர்களுக்குத் தொற்றியது. தவறுக்கு வருந்துகிறோம்.”

பெயரைப் போடலாமா என்று மித்ராவைக் கேட்டேன். “போடு. பேப்பர்ல என் பேரு வருதா?” என்று மகிழ்ந்தாள்.

மதியத்துக்குள் திருத்தம் காணாமல் போனது. அறிவிப்பு இருந்தது. மறுநாள் மறுபடி ஒட்டினேன். மறுபடி போனது. மூன்றாம் நாள் வாட்ச்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “எடுக்கச் சொல்றாங்க மேடம். நான் கிழிக்கல. மடிச்சு டிராயர்ல வெச்சுக்கிறேன். போகும்போது வாங்கிக்கோங்க.”

6

இரண்டு தலைகளும் சுத்தமாயின. இரண்டு வாரம் வாரியும் சீப்பில் ஒன்றும் வரவில்லை. ஒரு மாலை ஜெனிஃபரை எண்ணெய் போகக் குளிப்பாட்டி, முடியை விரித்துவிட்டு, ஸ்டெல்லாவோடு கல்பனாவின் வாசலுக்குக் கூட்டிப்போனேன். சீப்பையும் வெள்ளைத் துண்டையும் நீட்டினேன்.

“நீங்களே பாருங்க.”

அவர் பின்னால் நகர்ந்தார். “பார்த்தா எப்படிங்க தெரியும்? உள்ளே ஏதாவது இருக்கும்.”

“அதனாலதான் சீப்பு.”

“இல்லீங்க, நான் ஒருத்தி பார்த்து ஒண்ணும் ஆகாது. எல்லாருக்கும் நம்பிக்கை வரணுமில்லீங்களா? மொட்டைன்னா கண்ணுக்குத் தெரியும்.”

பேன் இருக்கிறதா இல்லையா என்பது அங்கே பிரச்சினையே அல்ல. யாராவது ஒருவர் தண்டிக்கப்பட்டது போல் தெரிய வேண்டும். அது ஒன்பது வயதுப் பெண்ணின் தலையில் தெரிந்தால் இருபது குடும்பங்களுக்கும் அரிப்பு நின்றுவிடும். என் மகளுக்கு மொட்டை அடிக்கச் சொல்லி ஒருவர்கூட, கேலிக்காகக்கூட, கேட்கவில்லை.

எங்கள் பேச்சு முடியும்வரை ஜெனிஃபர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஈர முடியிலிருந்து நீர் சொட்டி, கல்பனாவின் வாசல் கால்மிதியில் ஒரு வட்டமாகப் படிந்திருந்தது.

பன்னிரண்டாம் தேதி காலை ஸ்டெல்லா வந்தார். பின்னால் ஜெனிஃபர். முடி காதுக்கு மேலே, ஆண்பிள்ளைகளுக்கு வெட்டுவதுபோல் ஒட்ட வெட்டியிருந்தது.

“என்ன ஸ்டெல்லா இது?”

“மொட்ட அடிக்கலக்கா. அதுல மட்டும் நான் உறுதி.” துடைப்பத்தைக் கையில் எடுத்தார். “பிரபு சார் ஊடு ஒண்ண வெச்சிகினு நான் இன்னா பண்றது? மூணு ஊடு போச்சு. இப்ப அந்த அம்மா பாத்துட்டு, சரி வான்னுச்சு. முடிதானே, வளந்துக்கும்.”

“நான் இன்னும் ஒரு தடவை பேசியிருப்பேனே.”

“நீ சொல்லி இன்னாக்கா ஆச்சு? நீ சொன்னது ஃபுல்லா உண்ம. அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?”

மித்ரா ஜெனிஃபரைச் சுற்றிவந்து பார்த்தாள். பிறகு நெதர்லாந்து மொழியில் என்னைக் கேட்டாள், ஜெனிஃபருக்குப் புரியக்கூடாது என்று. “என்னுடையதை ஏன் வெட்டவில்லை? நான்தானே கொண்டுவந்தேன்?”

பதினைந்தாம் தேதி மாதா கோயிலுக்குப் போனோம். பத்துப் பதினைந்து பெண்பிள்ளைகள், வெள்ளைக் கவுனில், கையில் மெழுகுவர்த்தியோடு வரிசையாக வந்தார்கள். ஜெனிஃபரின் கிரீடம் இரட்டைப் பின்னலுக்கு அளவெடுத்து வாங்கியது. ஹேர்பின் குத்த அவள் தலையில் பிடிமானம் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் அது நெற்றிக்கு இறங்கியது. மற்றப் பிள்ளைகள் மெழுகுவர்த்தியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்கள். அவள் ஒரு கையால் மெழுகுவர்த்தியைப் பிடித்து, மறு கையால் கிரீடத்தைத் தாங்கிக்கொண்டே பீடம்வரை நடந்தாள். நன்மை வாங்கக் குனியும்போது ஸ்டெல்லா என் பக்கத்தில் மூச்சை அடக்கியது கேட்டது. கிரீடம் விழவில்லை.

நெதர்லாந்துக்குக் கிளம்பிய அன்றும் லிஃப்டில் அறிவிப்பு இருந்தது. டிராயரிலிருந்த திருத்தங்களை வாட்ச்மேன் மறக்காமல் எடுத்துக் கொடுத்தார். என் கைப்பையில் இருக்கின்றன.

7

சொந்தப் பிள்ளையைத் தாயே பார்க்கக் கூடாது என்பது இங்கே முறை. இந்தப் புதன்கிழமை மித்ராவின் தலையைப் பார்த்தது பக்கத்து நாற்காலிக்காரர். மூன்று ஆண்டுகளாக என்னோடு பேன் பார்ப்பவர், நல்ல மனுஷி. முடியைப் பாகம் பாகமாகப் பிரித்தார், காதுக்குப் பின்னே இரண்டு முறை பார்த்தார், பிடரியில் மூன்று முறை. சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஒன்றுமில்லை!” அவருக்கு வியப்பு. “ஆறு வாரம் இந்தியாவில் இருந்தும் ஒன்றுகூட இல்லையே!”

“இங்கிருந்து கொண்டுபோனதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்” என்றேன்.

அவர் நன்றாகச் சிரித்தார். மித்ரா சிரிக்கவில்லை. தன் பின்னலைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். நான் சீப்பைத் துடைத்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.